திருவல்லிக்கேணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயிலும் மசூதியும் பார்க்க வருபவர்கள், அறை தேடி வருபவர்கள், தாத்தா குடியிருந்த வீட்டைத் தேடி வருபவர்கள் என மூன்று வகையினர் கேட்கும் கேள்விகளே இங்கே அதிகம். பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: திருவல்லிக்கேணி, வெளியிலிருந்து வந்து தங்கியவர்களின் பேட்டை. நவாபின் பரிவாரத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள்வரை, வந்தவர்கள் இருந்ததைப் பங்கு போட்டுக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி எதிலிருந்து எதுவரை?

பேச்சு வழக்கில், வடக்கே வாலாஜா சாலை, கிழக்கே மெரினா, தெற்கே ஐஸ் ஹவுஸ் வட்டாரம், மேற்கே ராயப்பேட்டை தொடங்கும் இடம். இதற்குள்ளேயே சேப்பாக்கம், திருவட்டீஸ்வரன்பேட்டை, மீர்சாகிப்பேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, ஜாம்பஜார், கடலோர மீனவக் குப்பங்களான அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம் எல்லாம் அடங்கும். மாநகராட்சிக் கணக்கில் தேனாம்பேட்டை மண்டலம். வருவாய்த் துறைக் கணக்கில் மயிலாப்பூர் வட்டம். பட்டா வேலைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைவது வாடிக்கை.

சென்னையே முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு நகரம்தானே? இந்தப் பேட்டை அதற்கு முன்பே இருந்ததா?

இருந்தது. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் உள்ள செய்தி சுவையானது. கோயிலுக்குரிய நிலம் அடகுக்குப் போய்விட்டது, அதனால் பெருமாளுக்குப் படைக்க வேண்டிய அரிசி குறைந்துபோனது, பிறகு ஒருவர் அடகை மீட்டு அமுதுபடியைப் பழையபடி நடக்கச் செய்தார். இந்தப் பேட்டையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்தே ஓர் அடகுக் கதை. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி 1639க்குப் பிறகு வளர்ந்த மதராசப்பட்டினம், தெற்கே விரிந்தபோது முதலில் சேர்த்துக்கொண்ட கிராமங்களில் ஒன்று திருவல்லிக்கேணி. 1676இல் கோல்கொண்டா அரசிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை வாடகைக்கு எடுத்தது. ஊரே வாடகைக்கு வந்ததுதான்.

நவாப் ஏன் ஆற்காட்டை விட்டு இங்கே வந்தார்?

பாதுகாப்பும், கம்பெனியிடம் பட்ட கடனும். நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் துப்பாக்கி நிழலில் ஆட்சி செய்தவர். கோட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பது அவருக்கு வசதி, கம்பெனிக்கும் வசதி. 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. அரண்மனையோடு உருது பேசும் அலுவலர்கள், படைவீரர்கள், உலமாக்கள், கைவினைஞர்கள், சமையற்காரர்கள் வந்து குடியேறினார்கள். இன்றும் ஒரே தெருவில் உருதும் ஐயங்கார் தமிழும் காதில் விழுவதற்கு அதுதான் காரணம்.

1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தார். பட்டத்தைக் கம்பெனி முடித்துவைத்தது, அரண்மனை அரசின் கைக்குப் போனது. பிறகு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் உண்டாக்கப்பட்டு, குடும்பம் 1876இல் ராயப்பேட்டைப் பக்கம் உள்ள அமீர் மகாலுக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் அரண்மனையில் இப்போது அரசு அலுவலகங்கள். 2012 ஜனவரியில் கலச மகால் தீப்பிடித்து எரிந்தது, பின்னர் சீரமைத்தார்கள். அரண்மனையின் கலச மகால், ஹுமாயூன் மகால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கோபுரம் நவாப் கட்டியதல்ல; ராபர்ட் சிசோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் பின்னால் சேர்த்தது.

பார்த்தசாரதி கோயிலில் ஏன் இரண்டு கொடிமரம்?

பெருமாள் கிழக்கு நோக்கியும், அழகியசிங்கர் என்னும் நரசிம்மர் மேற்கு நோக்கியும் எழுந்தருளியிருக்கிறார்கள். இரு சந்நிதிக்கும் தனித்தனிக் கொடிமரம், தனித்தனி பிரம்மோற்சவம். சித்திரையில் பார்த்தசாரதிக்கு, ஆனியில் அழகியசிங்கருக்கு. இரண்டிலும் மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூலவருக்கு வேங்கடகிருஷ்ணன் என்று பெயர். மீசையோடு, ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் சூழ நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் உள்ள வடுக்கள், தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்பு என்பது தல மரபு.

தேர் நாளன்று அந்தத் தெருக்களில் மேல்கம்பி மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். லிஃப்ட் உள்ள விடுதியில் தங்கியிருந்தால் காலையிலேயே கீழே இறங்கிவிடுங்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு எப்போது வர வேண்டும்?

சொர்க்கவாசல் விடியற்காலையில், பொதுவாக நான்கரை மணி அளவில் திறக்கும். அந்த நேரத்துக்கே உள்ளே இருக்க வேண்டுமென்றால் முந்தைய இரவே வரிசைக்கு வந்துவிட வேண்டும். வாசல் வழியாகப் போனால் போதும் என்றால் பகல் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் குறைந்திருக்கும்.

ஆனால் திருவல்லிக்கேணியின் உண்மையான திருவிழா அந்த ஒரு நாள் இல்லை. ஏகாதசிக்கு முன் பகல் பத்து, ஏகாதசி முதல் இராப் பத்து என்று நாலாயிர திவ்யப் பிரபந்தம் முழுவதையும் ஓதும் அத்யயன உற்சவம்தான். கூட்டமில்லாத ஒரு பகல் பத்து நாளில் ஓதும் கோஷ்டிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். வரிசையில் ஆறு மணி நேரம் நிற்பதைவிட அதில் நிறைவு அதிகம் என்பது எங்கள் கட்சி.

மாசித் தெப்பம் ஏழு நாள். குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் தெப்பம் சிறக்கும். கைரவிணிக் குளம் சுற்றுவட்ட நிலத்தடி நீரை நம்பியிருப்பதால், வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் அது படிக்கட்டிலேயே தெரிந்துவிடும்.

பெரிய மசூதிக்குள் எல்லாரும் போகலாமா?

வளாகத்துக்குள் போகலாம், செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையில், தொழுகை நேரம் தவிர்த்து. வெள்ளிக்கிழமை நண்பகலில் பார்வையாளராகப் போக வேண்டாம்.

வாலாஜா மசூதி என்பது முறையான பெயர். முகமது அலி வாலாஜாவின் நினைவாக அவர் குடும்பம் 1795இல் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம்; மரமோ இரும்போ வைக்காமல் எழுப்பியது என்பது அதன் பெருமை. உள்ளே இருக்கும் பாரசீகக் கல்வெட்டை, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும்படி இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. முன்னே விரிந்த பெரிய குளத்தில் கை கால் கழுவிக்கொண்டு படியேற வேண்டும். காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் 1972இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். பக்கத்துச் சாலைக்கு அவர் பெயர்.

ரமலானில் மாலை நோன்பு திறக்கும் நேரத்தில், மயிலாப்பூர்ப் பக்கம் உள்ள சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துத் தொண்டர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு கொண்டுவந்து பரிமாறுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சைவச் சாப்பாடு, தொண்டர்கள் தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு பரிமாறுவார்கள். படம் எடுக்கக் கூட்டமாகப் போய் நிற்பது பரிமாறுகிறவர்களுக்குத் தொல்லை.

கையால் எழுதும் பத்திரிகை இங்கேதான் வந்ததா?

ஆம். 1927இல் தொடங்கிய 'தி முசல்மான்' என்ற உருது மாலை நாளிதழ், மசூதிக்கு அருகே திருவல்லிக்கேணி ஹை ரோட்டில் இருந்து வந்தது. காத்திப் எனப்படும் எழுத்தர்கள் நாணல் பேனாவால் பக்கம் முழுவதையும் எழுதுவார்கள். அதைப் படமெடுத்து, தகடு செய்து, அச்சிடுவார்கள். நான்கு பக்கம். நடுவில் பிழை வந்தால் திருத்த இடமில்லை, பக்கத்தையே மறுபடி எழுத வேண்டும். அவசரச் செய்திக்கென்று முதல் பக்கத்தின் ஒரு மூலையைக் கடைசிவரை காலியாக வைத்திருப்பார்கள்.

அதே சாலையில் 1850இல் தொடங்கிய முகமதன் பொது நூலகமும் உண்டு. உருது, பாரசீகம், அரபி நூல்கள் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய இடம்.

யானை மிதித்துத்தான் பாரதி இறந்தாரா?

இல்லை. இந்தக் கதை எத்தனை முறை மறுத்தாலும் திரும்பி வருகிறது. 1921இல் பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனபோது அது தள்ளிவிட்டது உண்மை. நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்ததும் உண்மை. காயங்கள் ஆறி, பாரதி 'சுதேசமித்திரன்' வேலைக்குத் திரும்பினார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டு, 11ஆம் தேதி நள்ளிரவு கடந்த பிறகு உயிர் பிரிந்தது. அதனால்தான் 11 என்றும் 12 என்றும் இரண்டு தேதிகள் வழங்குகின்றன. கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்கு உடன் வந்தவர்கள் சொற்பப் பேர்.

அவர் கடைசியாகக் குடியிருந்த துளசிங்கப்பெருமாள் கோயில் தெரு வீடு வாடகை வீடுதான். 1993இல் அரசு அதை வாங்கி நினைவில்லமாக்கியது. கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம். அரசு விடுமுறை நாளில் பூட்டியிருக்கக்கூடும்.

வேறு யார் யார் இருந்தார்கள்?

பட்டியல் போட்டால் நீளும். 1878 செப்டம்பர் 20இல் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களுக்குத் 'திருவல்லிக்கேணி அறுவர்' என்றே பெயர்: இரண்டு ஆசிரியர்கள், நான்கு சட்ட மாணவர்கள். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் பத்திரிகைகள் தாக்கியபோது, பதில் சொல்ல ஒரு தாள் வேண்டும் என்று ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள்.

பெரிய தெருவில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையாசிரியராக இருந்தார். 1920களில் அங்கே படித்த ஒரு மாணவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்து போகும் முன் இந்தப் பேட்டையில் தங்கியிருந்தார். அவர் மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, 1994இல் மறையும்வரை நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்தார். ராமானுஜனைத் தேடி வருபவர்கள் பலர் ஜானகி அம்மாளைப் பற்றிக் கேட்பதே இல்லை.

டியுசிஎஸ் என்பது ரேஷன் கடைதானே?

இன்றைக்கு அப்படித்தான் பலருக்குத் தெரியும். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது; நாட்டின் முதல் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். சீனிவாச சாஸ்திரியும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். மாதச் சம்பளக் குமாஸ்தாக்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லி, எடைக் குறைவும் கலப்படமும் சகித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆளுக்குக் கொஞ்சம் பங்குத் தொகை போட்டு, மொத்தமாக வாங்கி, உறுப்பினருக்கு ரொக்கத்துக்கு விற்று, ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபத்தை வாங்கிய அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. கடன் கிடையாது என்ற விதிதான் அதைக் காப்பாற்றியது.

ஐஸ் ஹவுஸில் உண்மையிலேயே ஐஸ் வைத்திருந்தார்களா? கடல் இவ்வளவு தள்ளி இருக்கிறதே?

வைத்திருந்தார்கள். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர். மாதக்கணக்கில் பயணம். 1842இல் கட்டிய இந்தக் கட்டடத்தில், கனத்த சுவருக்குள் அதைச் சேமித்து விற்றார்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பனிப்பாளங்களை ஏற்றி, அலை தாண்டிக் கரைசேர்ப்பார்கள். இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் வணிகம் படுத்துவிட்டது.

கடல் தள்ளிப்போனதற்குக் காரணம் துறைமுகம். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகத்தின் கல் தடுப்புகள் அதை மறித்தன. தெற்கே இருக்கும் மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. மெரினா அகலமானதும் வடசென்னையில் வீடுகள் கடலில் விழுந்ததும் ஒரே காரணத்தின் இரு முனைகள்.

கட்டடத்தைப் பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். இளம் விதவைகளுக்காகச் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லமும் இங்கே இயங்கியது. 1963 முதல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் மட்டும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லுங்கள்.

மேன்ஷனில் அறை எடுக்க வேண்டும். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பேர்தான் மேன்ஷன். நீளமான நடை, இருபுறமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கட்டில், மாடிக்கு ஒரு பொதுக் குளியலறைத் தொகுதி. தலைமைச் செயலகமும் கல்லூரிகளும் மவுண்ட் ரோடு அலுவலகங்களும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், தனியாக வேலைக்கு வந்த ஆண்களை நம்பி இவை பெருகின.

அறை பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள், மாலையில் வேண்டாம். எல்லாரும் குளிக்கும் நேரத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீரா என்று கேளுங்கள். ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கட்டில் சட்டத்தின் இணைப்புகளிலும் மெத்தை ஓரத் தையலிலும் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. எவ்வளவு நல்ல அறையானாலும் எடுக்காதீர்கள். ஜன்னல் நடைக்குத் திறக்கிறதா, வெளிக்குத் திறக்கிறதா என்பது மே மாதத்தில் உயிர்ப் பிரச்சினை.

பணத்தில் தகராறு வருவது எப்போதும் அட்வான்ஸில். கொடுக்கும்போதே ரசீது வாங்குங்கள். அதில் தொகை, தேதி, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் ஆகிய நான்கும் இருக்கட்டும். 'சொன்னா போதும் தம்பி' என்ற வாக்குறுதி, மேனேஜர் மாறியதும் மாறிவிடும். கூட இருப்பவர் பாதியில் காலி செய்தால் அவர் பங்கு வாடகை உங்கள் தலையில் விழுமா என்பதையும் கேளுங்கள். படுக்கைக்கு வாடகையா, அறைக்கு வாடகையா என்பதில்தான் அது நிற்கிறது.

ஆதார் நகல், புகைப்படம், வீட்டு முகவரி கேட்பார்கள். வாட்டர் ஹீட்டர் கம்பி, மின் அடுப்பு பெரும்பாலும் தடை. பழைய ஒயரிங் தாங்காது என்பதால் அந்தத் தடை நியாயமானதே. இரவுக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பது ஷிஃப்ட் வேலைக்காரர்கள் மறக்காமல் கேட்க வேண்டியது.

2019 கோடை வறட்சியில் தண்ணீர் இல்லாமல் பல மேன்ஷன்கள் தங்கியிருந்தவர்களை ஊருக்கு அனுப்பின. லாரித் தண்ணீர் வாங்கும் நாட்களில் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள்.

சாப்பாடு?

மேன்ஷன்களைச் சுற்றித்தான் மெஸ்கள் வளர்ந்தன. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் முறை: முதலில் டோக்கன் வாங்கி, கூப்பிடும்வரை வாசலில் நின்று, பந்தியாக உள்ளே போக வேண்டும். உட்கார்ந்த பிறகு அரட்டைக்கு இடமில்லை. 1948 முதல் இருக்கும் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. இட்லி சாம்பாரில் மூழ்கித்தான் வரும், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். பிரியாணிக்கு ஹை ரோட்டுப் பக்கம் போங்கள், எந்தக் கடை என்று சொல்லிச் சண்டை வாங்க நாங்கள் தயாரில்லை.

பழைய வீட்டு மாடி ஒழுகுகிறது. இடித்துத்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. இங்குள்ள பழைய வீடுகளின் தளம் மெட்ராஸ் டெரஸ் என்ற வகை. தேக்கு விட்டங்களை ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் சுமார் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு.

இது கெடுவது பெரும்பாலும் 'ரிப்பேர்' செய்ததால்தான். ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசுவார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சிமென்ட் அந்த அளவுக்கு இணங்காது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக முடியாமல் உள்ளேயே நின்று விட்டத்தை ஊற வைக்கும். முதலில் மட்குவது, சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனை. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும்.

எனவே வரிசை இதுதான். முதலில் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் வேர் உள்ளே பருக்கும். அடுத்து உள்ளே ஏணி போட்டு, ஒவ்வொரு விட்டமும் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு எதிர்க்கும், மட்கியது உள்வாங்கும். மட்கிய விட்டத்துக்குக் கீழே உடனே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிறகு மேலே உள்ள சிமென்ட் பூச்சைச் சிறு உளியால் கொத்தி எடுத்து (டிரில் இயந்திரம் வேண்டாம், அதிர்வில் கீழ்ச் செங்கல் உதிரும்), சுண்ணாம்பு, செங்கல் தூள் கலவையால் வாட்டம் சரிசெய்து தட்டோடு பதியுங்கள். சுண்ணாம்பு வேலையை ஐப்பசிக்குத் தள்ளாதீர்கள், மழைக்கு முன் உலராது. மாசி, பங்குனி தோது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இன்றைய பெரிய சிரமம். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

தாத்தா இருந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவு எண்ணை மட்டும் நம்பி வராதீர்கள். சென்னை முழுவதும் போல இங்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பழைய கடிதத்தில் உள்ள எண் இன்றைய பலகையில் வேறு வீட்டைக் காட்டும். கடிதத்தில் தெருப்பெயர், எதிர் வீடு, கோயில், பள்ளி போன்ற அடையாளம் இருந்தால் அதுவே மேல்.

சொந்த வீடாக இருந்திருந்தால் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குத் திருவல்லிக்கேணி சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுப்போட வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று குறுக்கிக் கொடுத்தால் வேலை நடக்கும். சர்வே எண், பிளாக் எண் தெரியாவிட்டால் நிலப் பதிவேட்டு நகலை முதலில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் பத்திரத்தில் பெயர் இருக்காது. பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, பாஸ்புக் ஆகியவற்றில்தான் முகவரி கிடைக்கும். மிகப் பழைய அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆய்வு அனுமதி பெற்றுத்தான் பார்க்க முடியும், ஒரு நாள் விடுப்பில் வந்து முடிகிற வேலை இல்லை.

எந்தத் தெருவுக்கு எந்தப் பெயர் சொல்ல வேண்டும்?

பலகையில் பாரதி சாலை. வாயில் பைகிராஃப்ட்ஸ் ரோடு. பலகையில் காயிதே மில்லத் சாலை; வாயில் ஹை ரோடு. பலகையில் பாபு ஜகஜீவன்ராம் சாலை. வாயில் பெல்ஸ் ரோடு. 1885இல் மேரி ஷார்லீப் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை 1948 முதல் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆனாலும் பெரியவர்கள் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரிதான். இணைய வரைபடத்துக்குப் புதுப்பெயர், மனிதர்களுக்குப் பழைய பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாளில் நடந்து பார்க்க வழி?

பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் காலை ஆறரைக்கு இறங்குங்கள். அரண்மனையை வெளியிலிருந்து பார்த்து, வாலாஜா சாலையில் மேற்கே நடந்து, ஹை ரோட்டில் தெற்கே திரும்பினால் பெரிய மசூதி. அங்கிருந்து பெரிய தெரு, பாரதி சாலையைக் கடந்து கோயில். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஆகையால் பாரதி இல்லத்தைக் கோயிலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஐஸ் ஹவுஸ், கடற்கரை. திரும்ப திருவல்லிக்கேணி ரயில் நிலையம். மெட்ரோவில் வருபவர்களுக்கு அரசினர் தோட்டம் நிலையம் பக்கம். காரில் வராதீர்கள்; மாடத் தெருக்களில் நிறுத்த இடம் கிடையாது, எதிரில் ஒரு தண்ணீர் லாரி வந்தால் இருவரும் நிற்க வேண்டியதுதான்.

கிரிக்கெட் மேட்ச் நாளில் வரலாமா?

மேட்ச் பார்க்க என்றால் வாருங்கள். 1934இல் முதல் ரஞ்சி ஆட்டமும், 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும், 1986இல் இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாகி 'டை'யில் முடிந்த டெஸ்ட்டும் நடந்த சேப்பாக்கம் மைதானம் இது. பேட்டையைச் சுற்றிப் பார்க்க என்றால் வேறு நாள் பாருங்கள். பெல்ஸ் ரோடு, வாலாஜா சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குச் சேப்பாக்கம் நிலைய நடைமேடையில் கால் வைக்க இடமிருக்காது. தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து திருவல்லிக்கேணி நிலையத்தில் ஏறுவது மேல். வேளச்சேரிப் பக்கம் போகிறவர்கள் ஏற்கெனவே நிரம்பிய வண்டியில்தான் ஏற வேண்டியிருக்கும், இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு ஏறுங்கள்.